பெங்களூருவின் நூற்றாண்டு அனுபவம்: புத்தாக்கத்தில் அரசு எங்கே முன்னிற்க வேண்டும், எங்கே விலக வேண்டும்?

பெங்களூரு: தெற்கு பெங்களூருவில் உள்ள எலக்ட்ரானிக்ஸ் சிட்டிக்கு மெட்ரோ ரயில் வந்து சேர்ந்தது 2025 ஆகஸ்ட் 10 அன்று. ஆர்.வி. சாலை முதல் பொம்மசந்திரா வரை 19.15 கி.மீ. நீளமுள்ள மஞ்சள் வழித்தடத்தை அன்று பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். ஆனால் அந்தத் தொழில்நுட்பப் பூங்காவுக்கு கர்நாடக அரசு வித்திட்டது 1978-ஆம் ஆண்டில். இந்தியாவில் மென்பொருள் என்ற சொல்லே பரவலாக அறியப்படாத காலத்தில், மாநில அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 330 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் மின்னணுத் தொழிலுக்கென ஒரு நகரத்தைத் திட்டமிட்டது. அந்நிறுவனத்தின் முதல் தலைவரான ஆர்.கே. பாலிகாவின் கனவு அது.

தொழில் வருவதற்கு முன்பே நிலத்தை ஒதுக்கிய அதே அரசுக்கு, அங்கு வேலைக்குச் செல்வோருக்கான ரயிலை ஓட்ட 47 ஆண்டுகள் பிடித்தன. புத்தாக்கத்திலும் பொருளாதார வளர்ச்சியிலும் அரசின் பங்கு என்ன என்ற விவாதத்துக்கு பெங்களூரு தரும் விடையின் இரு பக்கங்களும் இந்த ஒரு வழித்தடத்திலேயே அடங்கியுள்ளன.

இந்த விவாதம் இப்போது வெறும் கொள்கை அளவிலானது அல்ல. தனியார் துறையின் ஆராய்ச்சியை ஊக்குவிக்க ரூ.1 லட்சம் கோடி மதிப்பிலான ஆராய்ச்சி, மேம்பாடு மற்றும் புத்தாக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜூலை 1 அன்று ஒப்புதல் அளித்தது. நவம்பர் 3 அன்று அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அதே மாதத்தில் கர்நாடக அமைச்சரவையும் ரூ.518.27 கோடி செலவில் ஐந்தாண்டு புத்தொழில் கொள்கைக்கு ஒப்புதல் வழங்கியது. மக்களின் வரிப்பணம் இவ்வளவு பெரிய அளவில் இத்துறைக்குள் செல்லும்போது, முன்னர் செலவிட்ட பணம் எங்கே பலன் தந்தது, எங்கே வீணானது என்பதைத் திரும்பிப் பார்ப்பது அவசியமாகிறது. அதற்கு பெங்களூருவைவிடப் பொருத்தமான நகரம் நாட்டில் இல்லை.

மின்சாரமும் நிலமும்

பெங்களூருவின் தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் 1980-களிலிருந்து எழுதப்படுகிறது. உண்மையில் அது மைசூர் சமஸ்தானத்தின் காலத்திலேயே தொடங்கிவிட்டது. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் சமஸ்தான அரசு அமைத்த நீர்மின் நிலையம் 1902-இல் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. அதன் முதல் நுகர்வோர் கோலார் தங்கச் சுரங்கங்கள். தமிழ்நாட்டிலிருந்து புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த சுரங்கங்கள் அவை. அந்த மின்சாரம் 1905-இல் பெங்களூருவின் தெருவிளக்குகளை எரிய வைத்தது.

அடுத்தது அறிவியல். உயர் ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனம் வேண்டும் என்ற ஜாம்ஷெட்ஜி டாடாவின் திட்டத்துக்கு மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலத்தை வழங்கியது. இந்திய அறிவியல் நிறுவனம் 1909-இல் அங்கு உருவானது. தனியார் கொடை, சமஸ்தானத்தின் நிலம், பிரிட்டிஷ் இந்திய அரசின் அனுமதி ஆகிய மூன்றும் சேர்ந்து பிறந்த நிறுவனம் அது. மூன்றில் எந்த ஒன்று இல்லாதிருந்தாலும் அது பெங்களூருவில் அமைந்திருக்காது.

1912 முதல் 1918 வரை மைசூரின் திவானாக இருந்த பொறியாளர் எம். விசுவேசுவரய்யா இதே பாதையில் மைசூர் வங்கி, மைசூர் பல்கலைக்கழகம், பெங்களூரு பொறியியல் கல்லூரி ஆகியவற்றை உருவாக்கினார். கடன் வழங்கும் வங்கி, பட்டதாரிகளை உருவாக்கும் பல்கலைக்கழகம், பொறியாளர்களைத் தயாரிக்கும் கல்லூரி என எல்லாமே தொழிற்சாலைகளுக்கு முந்தைய தேவைகள். எந்தத் தனி முதலாளியும் தன் லாபத்தை மட்டும் கருதி இவற்றில் பணம் போடமாட்டார். பலன் எல்லோருக்கும் போய்ச் சேரும், செலவு ஒருவர் தலையில் விழும் என்பதே காரணம். அரசு முன்னிற்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்பதைப் பொருளியல் அறிஞர்கள் பின்னாளில் கோட்பாடாக எழுதினர். மைசூர் அதற்கு முன்பே அதைச் செயலில் காட்டியது.

தொழிற்சாலை மறைந்தது, திறன் நிலைத்தது

விமானத் தொழிற்சாலை ஒன்றை நிறுவ விரும்பிய தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்துக்கு மைசூர் அரசு நிலமும் முதலீடும் அளித்தது. 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமான நிறுவனம், அதாவது இன்றைய எச்.ஏ.எல்., அங்கு தொடங்கப்பட்டது. விடுதலைக்குப் பின் மத்திய அரசு அதே நகரைத் தேர்ந்தெடுத்துத் தொலைபேசிக் கருவிகளுக்காக ஐ.டி.ஐ. (1948), இயந்திரக் கருவிகளுக்காக எச்.எம்.டி. (1953), பாதுகாப்பு மின்னணுவியலுக்காக பாரத் எலக்ட்ரானிக்ஸ் (1954) ஆகியவற்றை நிறுவியது.

இந்நிறுவனங்களில் எல்லாம் வெற்றி பெறவில்லை. ஒரு காலத்தில் இந்தியர்களின் கைகளில் ஆட்சி செய்த எச்.எம்.டி. கடிகாரங்களைத் தயாரித்த துணை நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. தாராளமயத்துக்குப் பிறகு ஐ.டி.ஐ. நலிவடைந்து, மீட்புத் திட்டங்களைச் சார்ந்து நின்றது.

ஆயினும், ஒரு தொழிற்சாலையின் கணக்கு அதன் இருப்புநிலைக் குறிப்போடு முடிந்துவிடுவதில்லை. துல்லியமாக உலோகம் கடையவும், மின்சுற்றுகளைப் பொருத்தவும், தரத்தைச் சோதிக்கவும் தெரிந்த ஆயிரக்கணக்கானோரை இப்பொதுத்துறை நிறுவனங்கள் உருவாக்கின. பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் முதல் விண்வெளித் துறைக்கு உதிரிபாகம் செய்து தரும் நிறுவனங்கள் வரை அந்தத் திறன் பரவியது.

இதற்கு அருகிலேயே ஓர் ஒப்பீடு கிடைக்கிறது. எச்.எம்.டி. கடிகாரங்கள் சந்தையில் கோலோச்சிய காலத்தில், 1984-இல் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. ஆலை ஒசூரில் அமைந்தது. பெங்களூருவிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவு. கடிகாரத் தொழில் அறிந்த கைகள் பக்கத்து ஊரிலேயே கிடைத்தன. தமிழ்நாடு அரசு பங்குதாரராக மட்டும் இருந்துகொண்டு, நிர்வாகத்தை டாடாவிடம் விட்டது. இன்று டைட்டனில் டிட்கோவின் பங்கு ஏறத்தாழ 28 சதவீதம். அந்நிறுவனம் நாட்டின் மிகப்பெரிய நுகர்பொருள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்துள்ளது.

ஒரே பொருள், அண்டை ஊர்கள், இரண்டிலும் அரசுப் பணம். வேறுபாடு அரசு வகித்த பாத்திரத்தில் இருந்தது. எந்தக் கடிகாரம் விற்கும் என்பதை எச்.எம்.டி.யில் அமைச்சகத்துக்குப் பதில் சொல்லும் நிர்வாகம் தீர்மானித்தது. டைட்டனில் அரசு பொறுமையான முதலீட்டாளராக ஒதுங்கி நின்றது.

தோல்வியின் செலவை ஏற்பது யார்?

புத்தாக்கத்தின் தொடக்க நாட்களில் தோல்வி உறுதி, வெற்றிக்குத்தான் உத்தரவாதமில்லை. அந்தச் செலவை ஏற்க ஒருவர் தேவை. இந்திய விண்வெளித் துறையில் அந்தப் பொறுப்பை அரசு ஏற்றது.

நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆர்யபட்டா, யு.ஆர். ராவ் தலைமையில் பீன்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் உருவாக்கப்பட்டது. 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ஏவூர்தியில் விண்ணுக்குச் சென்ற அதன் அறிவியல் ஆய்வுகள், மின்வழங்கல் கோளாறால் ஒரு வாரத்துக்குள் நின்றுபோயின. 1979-இல் எஸ்.எல்.வி.-3 ஏவூர்தியின் முதல் பயணமும், 1993-இல் பி.எஸ்.எல்.வி.யின் முதல் பயணமும் தோல்வியுற்றன. காலாண்டு லாபக் கணக்கைப் பார்க்கும் எந்த முதலீட்டாளரும் இத்தனை பின்னடைவுகளைப் பொறுத்திருப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

ஆனால் பொறுமைக்கும் தேக்கத்துக்கும் இடையிலான கோடு மெல்லியது. பெங்களூருவிலேயே வடிவமைக்கப்பட்ட தேஜஸ் போர் விமானத் திட்டத்துக்கு 1983-இல் அனுமதி கிடைத்தது. முதல் விமானம் 2001 ஜனவரியில் பறந்தது. விமானப் படையின் முதல் தேஜஸ் அணி 2016 ஜூலையில்தான் அமைந்தது. 33 ஆண்டுகள் கடந்திருந்தன. அதற்கென உள்நாட்டில் உருவாக்க முயன்ற காவேரி எஞ்சின் எதிர்பார்த்த உந்துவிசையை எட்டாததால் 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. 2021-இல் 83, 2025 செப்டம்பரில் மேலும் 97 என மேம்படுத்தப்பட்ட தேஜஸ் விமானங்களை வாங்க அரசு ஒப்பந்தம் செய்தது. இரண்டாவது ஒப்பந்தத்தின் மதிப்பு மட்டும் ரூ.62,370 கோடி. ஆனால் 2024-இலேயே தொடங்கியிருக்க வேண்டிய ஒப்படைப்பு, அமெரிக்காவிலிருந்து எஞ்சின்கள் வரத் தாமதமானதால் தள்ளிப்போனது.

இஸ்ரோவுக்கும் தேஜஸ் திட்டத்துக்கும் ஆராய்ச்சியாளர்களின் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை. இஸ்ரோவில் வடிவமைப்பவரும் பயன்படுத்துபவரும் பெரும்பாலும் ஒரே குடையின் கீழ் இருந்தனர். தேஜஸில் வடிவமைத்தது ஓர் அமைப்பு, தயாரித்தது மற்றொன்று, வாங்கவிருந்தது மூன்றாவது. இவை மூன்றும் ஒரே திசையில் நகர நெடுங்காலம் ஆனது. பணம் ஒதுக்குவது போலவே, யார் யாருக்குப் பொறுப்பு என்பதை வரையறுப்பதும் அரசின் வேலை என்பதை இது உணர்த்துகிறது.

மென்பொருள்: அரசு விலகியதாலா வளர்ந்தது?

அரசின் கண்ணில் படாததால்தான் மென்பொருள் துறை வளர்ந்தது என்பது தொழில் வட்டாரங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் கருத்து. அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1981-இல் புனேயில் தொடங்கி 1983-இல் பெங்களூருவுக்கு வந்த இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரு கணினியை இறக்குமதி செய்ய உரிமம் பெறுவதற்காக டெல்லிக்குப் பலமுறை அலைய நேர்ந்ததை அதன் நிறுவனர் நாராயண மூர்த்தி பல மேடைகளில் நினைவுகூர்ந்துள்ளார். உரிம ஆட்சியின் சுமை கற்பனையானது அல்ல.

ஆனால் அந்தச் சுமை நீங்கிய விதத்தைக் கவனித்தால், அரசு வெறுமனே விலகிவிடவில்லை என்பது புலப்படும். 1984-ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூருவில் வடிவமைப்பு மையம் தொடங்கியபோது, அமெரிக்காவுடன் தரவுகளைப் பரிமாறத் தனிச் செயற்கைக்கோள் இணைப்புக்கு அரசு அனுமதித்தது. 1991-இல் தொடங்கப்பட்ட இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பு, தொலைபேசி இணைப்புக்கே ஆண்டுக்கணக்கில் மக்கள் காத்திருந்த காலத்தில், சிறு நிறுவனங்களுக்கும் அதிவேகத் தரவு இணைப்பை வாடகைக்கு வழங்கியது. ஏற்றுமதி வருவாய்க்கான வரிவிலக்கு 2011 மார்ச் வரை நீடித்தது. 1997-இல் கர்நாடகம் தகவல் தொழில்நுட்பத்துக்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.

எனவே, அரசு ஓரிடத்தில் விலகி இன்னோரிடத்தில் முன்வந்தது என்பதே சரியான விவரிப்பு. யார் என்ன தயாரிக்கலாம் என்று அனுமதி வழங்கும் மேசையிலிருந்து அது எழுந்தது. எல்லோருக்கும் பொதுவான இணைப்பை அமைத்துத் தரும் பணிக்குச் சென்றது.

ஆதார் அடையாள எண், யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் ஆகியவற்றிலும் இதே அமைப்பைக் காணலாம். ஆதாரின் தொழில்நுட்ப மையம் பெங்களூருவில் அமைந்தது. அதன் முதல் தலைவர் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நந்தன் நிலேகனி. 2016-இல் யு.பி.ஐ. அறிமுகமான பின், அந்தப் பொதுப் பாதையின் மீது தனியார் செயலிகள் போட்டியிட்டு வளர்ந்தன. செயற்கை நுண்ணறிவில் இப்போது அதே முயற்சி நடைபெறுகிறது. 2024 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற ரூ.10,372 கோடி மதிப்பிலான இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கம், விலை உயர்ந்த ஜிபியு செயலிகளை மானிய வாடகையில் வழங்குகிறது. உள்நாட்டு மொழி மாதிரியை உருவாக்க 2025 ஏப்ரலில் முதலாவதாகத் தேர்வானது பெங்களூருவின் சர்வம் நிறுவனம்.

முதல் வாடிக்கையாளர்

ஆராய்ச்சிக்குப் பணம் தருவதைவிடக் கடினமான, ஆனால் அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. அது, புதிய பொருளை முதலில் வாங்குவது. 1960-களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த மின்சுற்றுச் சில்லுகள் மிக விலை உயர்ந்தவையாக இருந்தபோது, அவற்றைப் பெருமளவில் வாங்கியவை அமெரிக்காவின் அப்பல்லோ விண்வெளித் திட்டமும் மினிட்மேன் ஏவுகணைத் திட்டமும்தான். அந்தக் கொள்முதலால் உற்பத்தி பெருகி விலை குறைந்தது. பின்னரே பொதுச் சந்தை உருவானது. தைவானில் 1987-இல் டி.எஸ்.எம்.சி. தொடங்கப்பட்டபோது, தொடக்க மூலதனத்தில் ஏறக்குறைய பாதி அரசின் நிதியிலிருந்து வந்தது.

இந்தியாவில் அண்மைய எடுத்துக்காட்டு பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 4ஜி சேவை. வெளிநாட்டுக் கருவிகளுக்குப் பதிலாக உள்நாட்டுத் தொழில்நுட்பத்தையே பயன்படுத்துவது என்று முடிவெடுக்கப்பட்டது. டி.சி.எஸ். தலைமையிலான கூட்டமைப்பில், அலைவரிசைக் கருவிகளை பெங்களூருவின் தேஜஸ் நெட்வொர்க்ஸ் தயாரித்தது. மைய மென்பொருளை அரசு நிறுவனமான சி-டாட் உருவாக்கியது. 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களுடன் அச்சேவை 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. சொந்தமாகத் தொலைத்தொடர்புக் கருவிகளைத் தயாரிக்கும் மிகச் சில நாடுகளின் வரிசையில் இந்தியா சேர்ந்துள்ளதாக அரசு தெரிவித்தது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. தனியார் நிறுவனங்கள் 2022-இலேயே 5ஜிக்குச் சென்றுவிட்ட நிலையில், பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்கள் 4ஜிக்காகக் காத்திருந்தனர். உள்நாட்டுத் திறனை வளர்க்கும் செலவை அந்த அரசு நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும் சுமந்தனர் என்பதே நேர்மையான மதிப்பீடு. அந்தச் செலவு பலன் தந்ததா என்பது, இக்கருவிகளை இனி பிற நாடுகளும் தனியார் நிறுவனங்களும் வாங்குகின்றனவா என்பதைப் பொறுத்தே தெரியவரும்.

விண்வெளித் துறையிலும் மாற்றம் தெரிகிறது. 2020-இல் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்ட பின், பெங்களூருவின் பிக்செல் நிறுவனம் 2025 ஜனவரியில் தன் முதல் மூன்று ஃபயர்ஃபிளை செயற்கைக்கோள்களைச் செலுத்தியது. ஆனால் ஏவியது அமெரிக்க ஏவூர்தி. பின்னர் 12 புவி கண்காணிப்புச் செயற்கைக்கோள்களை அமைக்கும் அரசு–தனியார் கூட்டுத் திட்டத்துக்கு பிக்செல் தலைமையிலான கூட்டமைப்பை இன்-ஸ்பேஸ் தேர்ந்தெடுத்தது. இஸ்ரோவின் சிறிய ஏவூர்தியான எஸ்.எஸ்.எல்.வி.யின் தொழில்நுட்பத்தைப் பெற எச்.ஏ.எல். ரூ.511 கோடிக்கு ஏலம் எடுத்தது. தானே எல்லாவற்றையும் செய்துவந்த அரசு, வாங்குபவராகவும் வழிகாட்டுபவராகவும் மாறும் கட்டம் இது.

இந்த மாற்றத்துக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் பணப் பற்றாக்குறை அல்ல, கொள்முதல் விதிகள்தான். மிகக் குறைந்த விலை கூறுபவருக்கே ஒப்பந்தம் என்ற நடைமுறை ஊழலைத் தடுக்க உதவலாம். ஆனால் இதுவரை யாரும் செய்யாத ஒரு பொருளுக்குக் குறைந்த விலை எது என்று யாரால் சொல்ல முடியும்? பல்கலைக்கழக ஆய்வகங்களும் இதே சிக்கலை அனுபவித்தன. அறிவியலாளர்களின் நீண்டகாலக் கோரிக்கைக்குப் பின், விலைப்புள்ளி கோராமல் நேரடியாக ஆய்வுப் பொருட்கள் வாங்கும் வரம்பு 2025 ஜூனில் ரூ.1 லட்சத்திலிருந்து ரூ.2 லட்சமாக உயர்த்தப்பட்டது. அரசின் மின்-சந்தைத் தளத்துக்கு வெளியே சிறப்புக் கருவிகளை வாங்கவும் நிறுவனத் தலைவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. சிறிய திருத்தமே. ஆயினும் ஆய்வகத்தில் பணிபுரிவோருக்குப் பெரிய அறிவிப்புகளைவிட இதுவே அன்றாடம் உதவக்கூடியது.

ரூ.1 லட்சம் கோடியும் 0.64 சதவீதமும்

2020–21 நிலவரப்படி ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுக்கு இந்தியா செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம், அதாவது சுமார் ரூ.1.27 லட்சம் கோடி. சீனாவில் இந்த விகிதம் ஏறத்தாழ 2.4 சதவீதமாகவும், அமெரிக்காவில் 3 சதவீதத்துக்கு மேலும், தென் கொரியாவில் 4 சதவீதத்துக்கு மேலும் இருந்தது. இதைவிட முக்கியமானது யார் செலவிடுகிறார்கள் என்பது. அந்நாடுகளில் பெரும்பங்கு தனியார் நிறுவனங்களுடையது. இந்தியாவில் தனியாரின் பங்கு 36.4 சதவீதம் மட்டுமே.

அதனால்தான் புதிய திட்டம் தனியாரை நோக்கி அமைக்கப்பட்டுள்ளது. மத்திய அரசு வழங்கும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன், அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் கீழ் உள்ள சிறப்பு நிதிக்குச் செல்லும். அங்கிருந்து இரண்டாம் நிலை நிதி மேலாளர்கள் வழியாக நிறுவனங்களுக்கு நீண்டகாலக் கடனாகவோ, பங்கு முதலீடாகவோ போய்ச் சேரும். தொடக்கநிலை ஆய்வைக் கடந்து, ஆய்வகத்தில் செயல்முறை நிரூபிக்கப்பட்ட தொழில்நுட்பங்களுக்கே இது பொருந்தும்.

வடிவமைப்பில் இது எச்.எம்.டி. பாதையைவிட டைட்டன் பாதைக்கு நெருக்கமானது. எந்த நிறுவனம் வெல்லும் என்பதை அமைச்சகம் நேரடியாகத் தீர்மானிக்காது. ஆனால் இரு கேள்விகள் எஞ்சுகின்றன. முதலாவது, மக்கள் பணத்தைக் கையாளும் மேலாளர், பத்தில் ஏழு முதலீடுகள் தோற்கலாம் என்ற மனநிலையோடு செயல்பட முடியுமா? தணிக்கை அறிக்கையில் ஒவ்வொரு தோல்வியும் முறைகேடாகப் பார்க்கப்பட்டால், அவர் பாதுகாப்பான பெரிய நிறுவனங்களையே தேடிப் போவார். அவற்றுக்கு இந்தப் பணம் தேவையில்லை. இரண்டாவது, ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்ட தொழில்நுட்பத்துக்குப் பணம் கிடைக்கும். அதற்கு முந்தைய அடிப்படை ஆய்வுக்கு யார் தருவார்கள்? 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி என்று அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி அரசு சாராத மூலங்களிலிருந்து வர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

2025-ஆம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு, புத்தாக்கம் வழியான வளர்ச்சியை விளக்கிய ஜோயல் மோகிர், பிலிப் அகியோன், பீட்டர் ஹோவிட் ஆகியோருக்கு வழங்கப்பட்டது. புதியது வரும்போது பழையது அழியும். அந்த அழிவைத் தடுக்க முயலும் சக்திகள் வளர்ச்சியையே தடுத்துவிடும் என்பது அவர்களது ஆய்வுகள் சுட்டும் எச்சரிக்கை. நலிந்த நிறுவனங்களை ஆண்டுக்கணக்கில் மீட்புத் திட்டங்களால் தாங்கிப் பிடிப்பதைவிட, அங்கு வேலை இழப்போரைத் தாங்குவதே அரசுக்கு உகந்த வழி என்ற வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது.

வளர்ச்சியின் விலை யார் மீது?

அரசின் பங்கு குறித்த விவாதத்தில் பெரும்பாலும் விடுபடும் தரப்பு ஒன்று உண்டு. 1907-இல் அறிவியல் நிறுவனத்துக்கு 371 ஏக்கரை ஒரு மன்னரின் அரசால் எளிதாக வழங்க முடிந்தது. ஜனநாயகத்தில் அது அவ்வாறு நிகழாது, நிகழவும் கூடாது. பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகே தேவனஹள்ளி வட்டத்தில் விண்வெளி மற்றும் பாதுகாப்புத் தொழிற்பூங்காவுக்காக 13 கிராமங்களில் 1,777 ஏக்கரைக் கையகப்படுத்தும் அறிவிப்பை எதிர்த்து விவசாயிகள் ஆயிரம் நாட்களுக்கும் மேலாகப் போராடினர். 2025 ஜூலை 15 அன்று அத்திட்டத்தைக் கைவிடுவதாக முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார். விருப்பத்துடன் முன்வருவோரின் நிலம் மட்டும் கூடுதல் விலைக்கு வாங்கப்படும் என்றும் கூறினார். உடனே ஆந்திரப் பிரதேச அமைச்சர் நாரா லோகேஷ், அத்தொழில்களைத் தம் மாநிலத்துக்கு வருமாறு சமூக வலைதளத்தில் அழைத்தார். விவசாயியின் உரிமைக்கும் மாநிலங்களின் போட்டிக்கும் இடையே அரசு எப்படி நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை.

வேலைவாய்ப்பிலும் இதே இழுபறி. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் பிற பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. தொழில்துறையின் கடும் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருவுக்குச் சென்று பணிபுரியும் பல்லாயிரம் குடும்பங்களுக்கு அந்த நாட்கள் கவலை நிறைந்தவை. ஆனால் மசோதாவுக்குப் பின்னால் இருந்த மனக்குறையைப் புறந்தள்ள முடியாது. தங்கள் நிலத்திலும் வரிப்பணத்திலும் எழுந்த நகரத்தில் தங்களுக்கு இடமில்லை என்று உள்ளூர் இளைஞர் உணர்ந்தால், அந்த வளர்ச்சிக்கு அரசியல் ஆதரவு நீடிக்காது. புதிய புத்தொழில் கொள்கை இலக்கு வைத்துள்ள 25,000 நிறுவனங்களில் 10,000 நிறுவனங்கள் பெங்களூருவுக்கு வெளியே அமைய வேண்டும் என்று வரையறுத்திருப்பது இதற்கான ஒரு விடையாகவே பார்க்கப்படுகிறது.

நகரமே தன் சுமையைத் தாங்க இயலாமல் தவிப்பதும் கண்கூடு. 2024 கோடையில் நகரின் சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வறண்டன. நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர் பற்றாக்குறை இருப்பதாக முதலமைச்சரே அப்போது தெரிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் வழங்கும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்ட பின்னரே, நகருடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்குக் காவிரி நீர் செல்ல வழி பிறந்தது. இதற்கிடையே, 2020 செப்டம்பரில் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இன்றியே நகர நிர்வாகம் நடந்தது. செயற்கைக்கோள் செய்யும் நகரத்தில் சாலைப் பள்ளம் குறித்து முறையிட அக்காலத்தில் மாமன்ற உறுப்பினர் இருக்கவில்லை.

இனி கவனிக்க வேண்டியவை

சென்னையில் 2000-இல் திறக்கப்பட்ட டைடல் பூங்கா, 2010-இல் உருவான சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா, அங்கு வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் 2024 மே மாதம் நிகழ்த்திய ஏவூர்திச் சோதனை என, பெங்களூரு காட்டிய பாதையில் பிற நகரங்களும் நடைபோடுகின்றன. அவை எடுத்துக்கொள்ள வேண்டியது பெங்களூருவின் வெற்றிப் பட்டியலை மட்டும் அல்ல.

நூற்றாண்டு அனுபவத்தின் சாரம் இதுவே: கல்வி, மின்சாரம், தரவு இணைப்பு போன்ற பொதுத் தளங்களை அமைத்தபோதும், தோல்வியைப் பொறுத்தபோதும், புதிய பொருளை முதலில் வாங்கியபோதும் அரசு பயன் கண்டது. எந்தப் பொருள் விற்கும் என்று தானே முடிவெடுத்தபோதும், பொறுப்பைப் பல அமைப்புகளிடையே சிதறவிட்டபோதும், தொழில் வந்த பின் ஊரை மறந்தபோதும் அது சறுக்கியது.

எனவே ரூ.1 லட்சம் கோடி நிதியின் வெற்றியை, எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்ற அறிவிப்புகளைக் கொண்டு அளக்க முடியாது. முதல் சில தோல்விகள் வெளியாகும்போது நிதி மேலாளர்கள் எவ்வாறு நடத்தப்படுகிறார்கள், அரசுத் துறைகள் எத்தனை புதிய உள்நாட்டுப் பொருட்களை வாங்க ஒப்பந்தமிடுகின்றன, மொத்த ஆராய்ச்சிச் செலவில் தனியாரின் பங்கு 36 சதவீதத்திலிருந்து நகர்கிறதா என்ற மூன்றையும் வரும் ஆண்டுகளில் கவனிக்க வேண்டும். பெங்களூருவைப் பொறுத்தவரை நான்காவதாக ஒன்றும் உண்டு. அடுத்த தொழிற்பூங்காவுக்குத் தண்ணீரும் ரயிலும் எத்தனை ஆண்டுகள் கழித்து வருகின்றன என்பதே அது.